11.2.0.3-க்கு ஆதரவு முடிந்த தேதி எது? ஒரு பழைய ஆரக்கிள் டேட்டாபேஸின் நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட அமைப்பு இது: ஆரக்கிள் 11ஜி ரிலீஸ் 2, எண்டர்பிரைஸ் எடிஷன். ரெட்ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 6-இல் ஓடுகிறது. அளவு 1.2 டெராபைட். மேலே ஒரு பழைய ஜாவா அப்ளிகேஷன். அது டேட்டாபேஸோடு பேசுவது ஓஜேடிபிசி14 என்ற டிரைவர் (இணைப்பு மென்பொருள்) வழியாக. இந்த அமைப்பு எந்த ஒரு நிறுவனத்துடையதும் அல்ல. பழைய சர்வர்களைத் திறந்தால் அடிக்கடி கண்ணில் படும் சேர்க்கை என்பதால் மாதிரியாக வைத்துக்கொண்டோம். சர்வர்களின் விவரங்களைக் குறித்துவைக்கும் பதிவேட்டில் இதற்கு எழுதியிருப்பது ஒரே வரி: “ஆரக்கிள் 11ஜி ஆர்2, ஆதரவு 2020 டிசம்பர் 31 வரை.”

இந்த வரியில் உள்ள தேதியை ஆரக்கிளே வெளியிட்டிருக்கிறது. ஆனாலும் இந்த சர்வருக்கு அது பொருந்தாது. ஏன் என்று பார்ப்பதுதான் ஆய்வின் முதல் பாதி.

நான்காவது இலக்கம்

“11ஜி ஆர்2” என்பது 11.2. அதற்குள் 11.2.0.1 முதல் 11.2.0.4 வரை நான்கு பேட்ச் செட்கள், அதாவது திருத்தங்களின் (பேட்ச்) பெரிய தொகுப்புகள். ஆதரவு அட்டவணை 11.2-க்கு ஒரு தேதி சொல்லும். ஆனால் பேட்ச் எழுதப்படுவது பேட்ச் செட் வாரியாக. புதிய பேட்ச் செட் வந்ததும் பழையதற்கு ஒரு சலுகைக் காலம் ஓடத் தொடங்கும். 11.2.0.4 வெளியானது 2013 ஆகஸ்ட் 27. 11.2.0.3-க்குப் பேட்ச் நின்றது சரியாக இரண்டு வருடம் கழித்து, 2015 ஆகஸ்ட் 27. அதற்கு முந்தைய 11.2.0.2-க்கு 2013 அக்டோபர் இறுதியிலேயே நின்றுவிட்டது. 2020 வரை போன தேதி 11.2.0.4-க்கு மட்டும் உரியது.

நம் சர்வரில் வெர்ஷன் எண்ணைக் காட்டும் வி$வெர்ஷனைக் கேட்டால் 11.2.0.3.0 என்கிறது. ஆக, பதிவேடு பாதுகாப்பு இருப்பதாகச் சொன்ன ஐந்து வருடத்துக்கு மேல் புதிய திருத்தம் எதுவும் வந்திருக்க வழியில்லை.

சரிபார்க்கும்போது இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். ஓபேட்ச் கருவியின் எல்எஸ்இன்வென்டரி கட்டளை, பைனரி கோப்புகளில் எது ஏறியிருக்கிறது என்று காட்டும். டிபிஏ_ரெஜிஸ்ட்ரி_ஹிஸ்டரி என்ற வியூ, டேட்டாபேஸுக்குள் எது ஓடியது என்று காட்டும். இரண்டும் பல சர்வர்களில் ஒத்துப்போகாது. 11.2-இல் பேட்சை ஏற்றிய பிறகு கேட்பண்டில் ஸ்கிரிப்டைக் கையால் ஓட்ட வேண்டும். சர்வர் எழுந்ததும் “வேலை முடிந்தது” என்று எழுந்து போய்விடுவது வழக்கம். அப்போது பைனரி புதியது, உள்ளே இருக்கும் பேக்கேஜ்கள் பழையவை. அடுத்த ரிலீஸான 12சி முதல் இந்த வேலையை டேட்டாபேட்ச் என்ற கருவி பார்க்கிறது. அதையும் ஒருவர் ஓட்டத்தான் வேண்டும்.

மூன்று கட்டம், மூன்று விதமான “ஆதரவு”

ஆரக்கிளின் வாழ்நாள் ஆதரவுக் கொள்கையில் மூன்று கட்டங்கள். பிரீமியர் என்பது முழு ஆதரவு. எக்ஸ்டென்டட் என்பது கூடுதல் கட்டணத்துக்குத் திருத்தங்கள் தொடர்வது. சஸ்டெய்னிங் என்பதற்கு முடிவுத் தேதி கிடையாது. ஆனால் அதில் புதிய பாதுகாப்புப் பேட்சும் இல்லை, புதிய இயங்குதளத்துக்குச் சான்றும் இல்லை. ஏற்கெனவே வெளியான பேட்சுகளை இறக்கிக்கொள்ளலாம், டிக்கெட் திறக்கலாம், தெரிந்த தீர்வு இருந்தால் சொல்வார்கள்.

11.2-க்கு பிரீமியர் முடிந்தது 2015 ஜனவரி. எக்ஸ்டென்டட் அடுத்த நாளே தொடங்கினாலும், 2018 டிசம்பர் வரை கூடுதல் கட்டணத்தைத் தள்ளுபடி செய்திருந்தார்கள். 2019, 2020 ஆகிய இரண்டு வருடங்களுக்குப் பணம் கட்டியவர்களுக்கே திருத்தம். அதன் பிறகு 2022 வரை தனி ஒப்பந்தத்தில், தனிக் கட்டணத்தில் ஒரு நீட்டிப்பு இருந்தது. பதிவேட்டில் “2020 வரை” என்று எழுதியவர் எக்ஸ்டென்டட் கட்டணம் கட்டப்பட்டதா என்று கணக்குப் பிரிவைக் கேட்டிருக்க வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு.

இன்னொரு நுணுக்கம். ஆரக்கிளின் பாதுகாப்புப் பேட்ச் வருவது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என வருடத்துக்கு நான்கு முறை. 2020-இன் கடைசி வெளியீடு அக்டோபர் 20. அடுத்தது 2021 ஜனவரி. அதற்குள் எக்ஸ்டென்டட் முடிந்துவிட்டது. ஆகவே ஆதரவு தாளில் டிசம்பர் 31 வரை இருந்தாலும், கைக்கு வந்த கடைசிப் பேட்ச் அக்டோபருடையது. முடிவுத் தேதியைக் குறிக்கும்போது அதற்கு முன் வரும் கடைசிப் பேட்ச் நாளையும் பக்கத்திலேயே குறித்துவைப்பது நல்லது.

சஸ்டெய்னிங்கில் இருக்கும்போது கட்டணம் குறையும் என்று எண்ணுவோரும் உண்டு. குறையாது. ஆரக்கிளில் வருடாந்திர ஆதரவுக் கட்டணம் வழக்கமாக லைசென்ஸின் நிகர விலையில் 22 சதவீதம், சஸ்டெய்னிங்கிலும் அதுவேதான். “பேட்சே வரவில்லையே, எதற்குக் கட்ட வேண்டும்” என்று ஒப்பந்தத்தை நிறுத்திவிட்டால் 11.2.0.4-ஐ இறக்கும் வழியும் அடைபடும். திரும்பச் சேர வேண்டுமென்றால் விடுபட்ட காலத்துக்கான பாக்கியோடு மீட்புக் கட்டணமும் சேரும். நிறுத்துவது என்று முடிவெடுத்தால்கூட, உரிமை கையில் இருக்கும் நாட்களிலேயே 11.2.0.4 பேட்ச் செட்டையும் (பேட்ச் எண் 13390677) அதன் கடைசித் திருத்தங்களையும் இறக்கிச் சேமித்துவிடுங்கள்.

கீழ்த்தளமும் மேல்தளமும்

டேட்டாபேஸ் தனியாக நிற்பதில்லை. ரெட்ஹாட் 6-இன் பராமரிப்பு முடிந்தது 2020 நவம்பர் 30. நாம் போகவிருக்கும் புதிய ரிலீஸான ஆரக்கிள் 19சி-க்கு ரெட்ஹாட் 6-இல் சான்று (ஓடும் என்ற ஆரக்கிளின் உறுதி) இல்லை, 11.2.0.4-க்கு ரெட்ஹாட் 8-இல் சான்று இல்லை. இரண்டுக்கும் பொதுவான தளம் ரெட்ஹாட் 7. அதுவும் 2024 ஜூன் 30-உடன் முடிந்துவிட்டது. அதே பெட்டியில் டேட்டாபேஸை மட்டும் மேலேற்றும் வழி இங்கே கிடையாது. புதிய சர்வர் கட்டாயம்.

மேல்தளத்தில் ஓஜேடிபிசி14. இது ஆரக்கிள் 10ஜி காலத்து டிரைவர். இதை வைத்துக்கொண்டு 19சி-யைத் தட்டினால் கிடைப்பது ஓ.ஆர்.ஏ-28040: பொருந்தும் அங்கீகார நெறி இல்லை. காரணம், எஸ்கியூஎல்நெட் என்ற இணைப்பு அமைப்புக் கோப்பில் சர்வர் பக்கம் அனுமதிக்கும் லாகான் வெர்ஷனின் இயல்பு மதிப்பு 12.2-இலிருந்து 12 ஆனது. அந்த மதிப்பில் உள்ளே வர, கிளையன்டில் குறைந்தது 2012 அக்டோபர் பாதுகாப்புத் திருத்தமாவது இருக்க வேண்டும்.

நான்கு தேதிகளையும் ஒரே வரிசையில் வைத்தால்: டிரைவரின் காலம் எப்போதோ முடிந்தது, பேட்ச் செட் 2015 ஆகஸ்ட், இயங்குதளம் 2020 நவம்பர், ரிலீஸ் 2020 டிசம்பர். பதிவேட்டில் இருந்தது இவற்றில் மிகத் தாமதமானது. எழுத வேண்டியது எல்லாவற்றிலும் முந்தையதை.

எங்கே போவது

இலக்கு 19சி. இது நீண்டகால ரிலீஸ். பிரீமியர் 2029 டிசம்பர் 31 வரை, எக்ஸ்டென்டட் 2032 டிசம்பர் 31 வரை. 18சி 2021 ஜூனிலேயே முடிந்துவிட்டது. 21சி புதுமை ரிலீஸ், அதன் ஆயுளே குறுகியது. 23ஏஐ-க்கு நேரடி அப்கிரேடு 19சி, 21சி இரண்டிலிருந்து மட்டும்.

19சி-க்கு நேரடி அப்கிரேடு 11.2.0.4, 12.1.0.2, 12.2.0.1, 18 ஆகியவற்றிலிருந்து முடியும். பட்டியலில் 11.2.0.3 இல்லை. நான்காவது இலக்கம் இங்கே இரண்டாவது முறையாகக் காலை வாருகிறது.

முதல் வழி, இடையில் 11.2.0.4-க்கு ஏறி, பிறகு 19சி. நடக்கும், ஆனால் அந்த இடைப்படியை ரெட்ஹாட் 6 பெட்டியிலேயே, நேரலை டேட்டாபேஸின் மேல் செய்ய வேண்டும். அல்லது ரெட்ஹாட் 7-இல் ஒரு இடைக்கால சர்வர் கட்ட வேண்டும். அங்கே 11.2.0.4-ஐ நிறுவும்போது லிங்க் செய்யும் கட்டத்தில் இன்ஸ்_இஎம்ஏஜென்ட் மேக்ஃபைலில் நின்றுவிடும். அந்தக் கோப்பில் என்எம்இசிடிஎல் வரியின் இறுதியில் என்என்இசட்11 லைப்ரரியைச் சேர்த்துவிட்டு “மீண்டும் முயல்” என்று அழுத்தினால் தாண்டும்.

இரண்டாவது வழி, முழு டிரான்ஸ்போர்டபிள் ஏற்றுமதி: தரவுக் கோப்புகளை அப்படியே நகலெடுத்து, அவற்றைப் பற்றிய விவரங்களை மட்டும் ஏற்றுமதி செய்வது. இதற்கு மூல டேட்டாபேஸ் குறைந்தது 11.2.0.3 இருந்தால் போதும். நம் மாதிரி அந்தக் கோட்டின் மேலேயே நிற்கிறது. இடைப்படி தேவையில்லை, பழைய சர்வரில் எதையும் நிறுவ வேண்டியதில்லை, தரவு நேராக ரெட்ஹாட் 9-இல் உள்ள 19சி-க்குப் போகும். அதிலும் பிடிபி (ஒரு பெரிய டேட்டாபேஸுக்குள் செருகப்படும் டேட்டாபேஸ்) ஒன்றுக்குள் நேரடியாக இறக்கிவிடலாம். பிடிபி இல்லாத பழைய கட்டமைப்பு 21சி-யிலிருந்து நீக்கப்பட்டுவிட்டதால் அடுத்த அப்கிரேடின் ஒரு வேலை இப்போதே முடிகிறது. 19சி-யில் மூன்று பிடிபி வரை தனி லைசென்ஸும் வேண்டாம். இந்த அமைப்புக்கு இந்த வழியே சரி. ஸ்டாண்டர்ட் எடிஷனாக இருந்திருந்தால் இந்தக் கதவு திறந்திருக்காது: டிரான்ஸ்போர்டபிள் தொகுப்பை உருவாக்க எண்டர்பிரைஸ் எடிஷன் வேண்டும்.

மூன்றாவது வழி, ஆரக்கிளின் ஏற்றுமதி, இறக்குமதிக் கருவியான டேட்டா பம்பைச் சாதாரணமாக ஓட்டுவது. 10ஜி முதல் எந்த வெர்ஷனிலிருந்தும் போகலாம். ஆனால் ஒவ்வொரு வரிசையும் மறுபடி எழுதப்பட்டு, ஒவ்வொரு இண்டெக்ஸும் மறுபடி கட்டப்படும். 1.2 டெராபைட்டுக்கு ஒரு வார இறுதி போதாமல் போகலாம்.

நடைமுறை

முதலில் டிபிஎம்எஸ்_டிடிஎஸ் பேக்கேஜில் உள்ள டிரான்ஸ்போர்ட்_செட்_செக் மூலம் டேபிள்ஸ்பேஸ்கள் (டேபிள்கள் இருக்கும் சேமிப்புப் பகுதிகள்) தமக்கு வெளியே உள்ளவற்றைச் சார்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கூடவே சிஸ்டம், சிஸ்ஆக்ஸ் டேபிள்ஸ்பேஸ்களில் அப்ளிகேஷன் டேபிள்கள் குடியேறியிருக்கின்றனவா என்று தேடுங்கள். பழைய டேட்டாபேஸ்களில் நிச்சயம் ஏதாவது இருக்கும். அவை கோப்பு நகலாகப் போகாது. வரிசை வரிசையாக டம்ப் கோப்பில் ஏறும். அங்கே 80 ஜிகாபைட் லாக் டேபிள் ஒன்று ஒளிந்திருந்தால் நேரக் கணக்கு முழுவதும் பொய்த்துப்போகும். முன்கூட்டியே அதைத் தன் டேபிள்ஸ்பேஸுக்கு நகர்த்திவிட வேண்டும்.

நேர மண்டலம் இன்னொரு கண்ணி. இரண்டு பக்கமும் நேர மண்டலக் கோப்பின் பதிப்பு ஒத்துப்போகாது. 19சி-யோடு வருவது 32, 11.2.0.3-இல் இருப்பது அதைவிட மிகப் பழையது. பதிப்பு வேறாக இருந்தால், நேர மண்டலத்தோடு கூடிய டைம்ஸ்டாம்ப் நெடுவரிசை உள்ள டேபிள்கள் இந்த வழியில் கடக்காது. அவற்றைப் பட்டியலிட்டு, சாதாரண டேட்டா பம்பில் தனியாக அனுப்ப வேண்டும். ஒத்திகையில் இதைக் கவனிக்காவிட்டால் மாற்று நாளன்றுதான் “டேபிளைக் காணோம்” என்று தெரியும்.

மாற்று நாளில் அப்ளிகேஷனை நிறுத்தி, பயனர் டேபிள்ஸ்பேஸ்களை வாசிப்பு மட்டும் நிலைக்கு மாற்றி, ஏற்றுமதியை ஓட்ட வேண்டும். அளவுருக்கள் மூன்று: ஃபுல் என்பதற்கு ஒய், டிரான்ஸ்போர்டபிள் என்பதற்கு ஆல்வேஸ், வெர்ஷன் என்பதற்கு 12. மூன்றாவதை விட்டுவிட்டால் 11.2.0.3 இதை ஏற்காது. பிறகு கோப்பு நகல். ஒரு ஜிகாபிட் இணைப்பில் நொடிக்கு சுமார் 110 மெகாபைட் கிடைத்தால் 1.2 டெராபைட்டுக்கு ஏறக்குறைய 3 மணி நேரம். இறக்குமதி எடுக்கும் நேரம் தரவின் அளவைப் பொறுத்ததல்ல. டேபிள், பார்ட்டிஷன், வியூ, பேக்கேஜ் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஒத்திகையில் அளந்ததை மட்டும் நம்புங்கள்.

சிஸ் பயனருக்குச் சொந்தமான பொருள்கள்மேல் கொடுத்த அனுமதிகள் கடந்து வராது. டிபிஏ_டேப்_பிரிவ்ஸ் வியூவிலிருந்து அவற்றை முன்பே ஸ்கிரிப்டாக எடுத்து, இறக்குமதிக்குப் பின் ஓட்டி, பிறகு செல்லாத பொருள்களை மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். வரிசை மாறினால் நூற்றுக்கணக்கான பேக்கேஜ்கள் சிவப்பாக நிற்கும். பதற வேண்டியதில்லை, அனுமதி கொடுத்துவிட்டு மறுபடி கம்பைல் செய்தால் சரியாகிவிடும்.

திரும்பும் வழியையும் இந்த இடத்திலேயே யோசிக்க வேண்டும். புதிய பக்கம் யாரும் எழுதத் தொடங்காதவரை, பழைய டேபிள்ஸ்பேஸ்களை எழுதும் நிலைக்குத் திருப்பி அப்ளிகேஷனை அங்கேயே காட்டிவிடலாம். இரண்டு நிமிட வேலை. புதிய பக்கம் ஒரு நாள் ஓடிய பிறகு திரும்ப வேண்டுமென்றால், 19சி-யிலிருந்து வெர்ஷன் 11.2 என்று குறித்த டேட்டா பம்ப் ஒன்றே வழி, அதுவும் மெதுவானது. எனவே “திரும்புவதா வேண்டாமா” என்ற முடிவை யார், எத்தனை மணிக்குள் எடுப்பது என்று திட்டத்தில் பெயரோடு எழுதியிருக்க வேண்டும்.

உடையும் இடங்கள்

முதல் நாள் புகார்கள் பெரும்பாலும் லாகானைப் பற்றியவை. ஓ.ஆர்.ஏ-28040 வந்தால் டிரைவர் பழையது. ஜாவாவை உடனே ஏற்ற முடியாத இடத்தில், ஜாவா 6-இல் ஓடும் 11.2.0.4-இன் ஓஜேடிபிசி6 ஒரு தற்காலிகப் பாலம். ஓஜேடிபிசி8-க்கு ஜாவா 8 வேண்டும். சர்வர் பக்க மதிப்பை இறக்கிவிட்டால் எல்லாம் ஓடும் என்பது உண்மைதான். ஆனால் பலவீனமான அங்கீகாரத்தை எல்லோருக்கும் திறந்துவிடுகிறீர்கள். இறக்கினால் உயர்த்தும் நாளையும் குறித்துவையுங்கள்.

கடவுச்சொல் சரியாக இருந்தும் ஓ.ஆர்.ஏ-01017 வந்தால், டிபிஏ_யூசர்ஸ் வியூவில் பாஸ்வேர்டு_வெர்ஷன்ஸ் நெடுவரிசையைப் பாருங்கள். அங்கே 10ஜி மட்டும் இருந்தால் அந்தக் கடவுச்சொல்லின் பழைய ஹாஷ் புதிய விதிக்கு உதவாது. கடவுச்சொல்லை மாற்ற வைக்க வேண்டும். ஒரே நேரத்தில் எல்லோருக்கும் இதே பிழை வந்தால், பழைய அளவுருக் கோப்பை அப்படியே நகலெடுத்து வந்திருப்பார்கள். அதில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் புறக்கணிக்கும் அளவுரு ஃபால்ஸ் என்று இருக்கும். அதை நீக்கினால் தீரும்.

அடுத்து அப்ளிகேஷனின் நிரல். பல மதிப்புகளை ஒன்றாக இணைக்கும், ஆவணமில்லாத டபிள்யூஎம்_கான்கேட் செயற்கூறு 12.1-இல் போய்விட்டது, லிஸ்ட்ஆக் கொண்டு எழுத வேண்டும், இரண்டும் திருப்பித் தரும் தரவு வகை வேறாக இருக்கலாம் என்பதைக் கவனிக்கவும். யூடிஎல்_ஃபைல்_டிர் அளவுரு 18சி-யில் நீங்கியது. கோப்புப் பாதையை நேரடியாக நிரலில் எழுதியவர்களுக்கு ஓ.ஆர்.ஏ-29280 காத்திருக்கிறது, டைரக்டரி பொருள் உருவாக்கித் தர வேண்டும். 19சி-யில் டிபிஎம்எஸ்_ஜாப் வேலைகள் ஷெட்யூலருக்குள் ஓடுவதால் அந்தப் பயனருக்கு வேலை உருவாக்கும் அனுமதி வேண்டும்; இல்லாவிட்டால் இரவு வேலை நின்றுபோகும்.

வேகம் குறைந்தது என்ற புகார் இரண்டாம் நாள் வரும். வினவலை ஓட்டும் திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் ஆப்டிமைசரை முழுவதுமாக 11.2.0.4 நடத்தைக்குத் தள்ளும் அளவுரு இருக்கிறது. அதை டேட்டாபேஸ் முழுவதற்கும் போட்டுவிட்டு மறந்துபோன சர்வர்கள் ஏராளம். பாதிக்கப்பட்ட வினவலுக்கு மட்டும் பழைய திட்டத்தைப் பேஸ்லைனாகப் பொருத்துவது நல்லது. அதற்கு, பழைய சர்வர் உயிரோடு இருக்கும்போதே எஸ்கியூஎல் டியூனிங் செட் ஒன்றில் திட்டங்களைச் சேமித்திருக்க வேண்டும்.

மற்ற டேட்டாபேஸ்களில் இதே கேள்வி

மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வரில் கணக்கு எளிது: ஐந்து வருடம் மெயின்ஸ்ட்ரீம், ஐந்து வருடம் எக்ஸ்டென்டட். 2012 வெர்ஷன் 2022 ஜூலை 12-இலும், 2014 வெர்ஷன் 2024 ஜூலை 9-இலும் முடிந்தன; 2016-க்கு 2026 ஜூலை 14. 2016 வரை சர்வீஸ் பேக் என்ற நான்காவது இலக்கம் இங்கேயும் உண்டு, பழைய சர்வீஸ் பேக்கில் இருப்பவருக்குத் திருத்தம் வராது. 2017 முதல் சர்வீஸ் பேக் இல்லை. “எக்ஸ்டென்டட்” என்ற ஒரே சொல்லை ஆரக்கிள் காசுக்கு விற்கிறது. மைக்ரோசாஃப்டில் பாதுகாப்புத் திருத்தங்களுக்கு அது இலவசம், பணம் கேட்பது அதற்கும் பிறகு வரும் மூன்று வருட நீட்டிப்புக்கு.

போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு பெரிய வெர்ஷனுக்கும் ஐந்து வருடம், முடிவு பெரும்பாலும் நவம்பரில். 10-க்கு முன்பு 9.5-இலிருந்து 9.6-க்குப் போவதே பெரிய அப்கிரேடு. எண்ணைப் பார்த்து “சின்ன மாற்றம்” என்று ஏமாந்தவர்கள் அதிகம். இயங்குதளத்தையும் சேர்த்து மாற்றும்போது லினக்ஸின் அடிப்படை லைப்ரரியான ஜிலிப்சி 2.28-இல் எழுத்து வரிசை மாறியதைக் கவனிக்காமல் கோப்புகளை நகலெடுத்தால், எழுத்து நெடுவரிசைகளின் இண்டெக்ஸ்கள் பிழை காட்டாமலே தவறான விடை தரும். ரீஇண்டெக்ஸ் செய்யாமல் திறக்கக் கூடாது.

மைஎஸ்கியூஎல் 5.6, 2021 பிப்ரவரியில் முடிந்தது; 5.7, 2023 அக்டோபரில், 8.0-க்கு 2026 ஏப்ரல். படி தாண்ட முடியாது: 5.6-இலிருந்து 5.7, பிறகு 8.0, பிறகு 8.4. 8.0-இலிருந்து 5.7-க்குக் கோப்பு அளவில் இறங்கவும் முடியாது. மேகத்தில் இருந்தால் வேறு வகைச் சிக்கல். அமேசானின் மேக டேட்டாபேஸ் சேவையான ஆர்டிஎஸ்-இல் 5.7-இன் வழக்கமான ஆதரவு 2024 பிப்ரவரி 29-உடன் முடிந்ததும், நீட்டிப்புக் கட்டணம் விசிபியூ மணிக்கணக்கில் ஓடத் தொடங்கியது. அங்கே ஆதரவு முடிந்த தேதியை பில்தான் முதலில் சொல்லும்.

புதிய வரி

மாதிரி அமைப்புக்குத் திரும்பினால், பதிவேட்டில் இப்போது ஒரு வரிக்குப் பதில் ஆறு நெடுவரிசைகள்: முழு வெர்ஷன் எண், கடைசியாக ஏறிய காலாண்டுப் பேட்ச், ரிலீஸின் பிரீமியர் முடிவு, இயங்குதள முடிவு, டிரைவர் வெர்ஷன், அப்ளிகேஷன் தயாரிப்பாளர் சான்றளித்த உச்ச வெர்ஷன். ரெட்ஹாட் 8-ஐத் தேர்ந்தெடுத்திருந்தால் முந்தைய தேதியாக அமைவது 2029 மே 31. டேட்டாபேஸின் பிரீமியருக்கு ஏழு மாதம் முன்பே இயங்குதளம் விழும். ரெட்ஹாட் 9-க்கு 2032 மே 31. அதனால்தான் 9. 19.3 அடிப்படை நிறுவியை அங்கே அப்படியே ஓட்டினால் இயங்குதளச் சோதனையில் ஐ.என்.எஸ்-08101 என்று நின்றுவிடும். சிவி_அஸ்யூம்_டிஸ்ட்ஐடி சூழல் மாறியை அமைத்து, அந்தத் தளத்துக்குச் சான்று பெற்ற காலாண்டுப் பேட்சை அப்ளைஆர்யூ தெரிவோடு நிறுவும்போதே சேர்க்க வேண்டும். அந்தப் பேட்ச் எண்தான் இரண்டாவது நெடுவரிசையில் எழுதப்படும் முதல் பதிவு.